துப்பாக்கி பார்த்த பக்கம்

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இந்த நகரத்தில் எந்த ஊர்வலம் போனாலும் பாதிக் கொடி என் பட்டறையில் தைத்ததாகத்தான் இருக்கும். ஒரே தெருவில் எதிரும் புதிருமாக நின்று கத்திய இரண்டு கட்சிக்கும் ஒரே நாளில் கொடி கொடுத்தவன் நான். ஒற்றை மெஷினில் ஆரம்பித்துப் பதினொன்று வரை கொண்டுவந்தேன். எவன் தயவும் இல்லை. இதைச் சொல்லாமல் எனக்கு எதுவும் எழுத வராது. சொல்லியாயிற்று, இனி ஒத்தைநூலைப் பற்றி.

ஒத்தைநூல் என்பது பட்டறையில் வைத்த பெயர். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், சண்டை நடந்த தன் நாட்டை விட்டு, நான்கு வயது மகளோடு வந்து வேலை கேட்டாள். ஓரம் மடித்துத் தைக்கச் சொன்னேன். கோடு போடாமலே கோடு போல் தைத்தாள்.

"எங்கேம்மா கத்துக்கிட்டே?"

"கத்துக்கலண்ணே. தேவைப்பட்டுச்சு."

அன்றே சேர்த்துக்கொண்டேன். ஆளை எடை போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பட்டறையில் ஒரு விதி உண்டு. என்ன கொடி, யார் கொடி என்று தைக்கிறவர் கேட்கக் கூடாது. துணி, அளவு, எண்ணிக்கை, அவ்வளவுதான். பதினெட்டு வருடமும் அவள் அதை மீறியதில்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மீறினாள்.

அவள் நாட்டில் மறுபடியும் குண்டு போட ஆரம்பித்திருந்தார்கள். ஓர் ஆஸ்பத்திரி தரைமட்டம். அந்த நாட்டுப் பிள்ளைகள் இங்கே சனிக்கிழமை ஊர்வலம் வைத்தார்கள். ஆர்டர் கொண்டுவந்தது அவளுடைய மகளேதான். நூறு சின்னக் கொடி, கூடவே முன்னால் பிடிக்க ஒரு பெரிய கொடி. பெரியதில் துப்பாக்கிச் சின்னம். அங்கே ஆயுதம் எடுத்துப் போராடிய இயக்கத்தின் கொடி அது. இங்கே அதற்குத் தடை இல்லை. முகம் சுளிக்கிறவர்கள்தான் நிறைய.

"அதை நான் தைக்க மாட்டேன்," என்றாள் ஒத்தைநூல்.

மெஷின்கள் நின்றுவிட்டன. மகளுக்கு முகம் சிவந்தது.

"ஏம்மா? மாமா அந்தக் கொடிக்குத்தானே உயிரைக் குடுத்தாரு? கையெடுத்துக் கும்பிட்டா மட்டும் குண்டு போடறவன் விட்டுருவானா?"

"விட மாட்டான்."

"அப்புறம் என்ன?"

"மத்த நூறும் தைக்கிறேன். அது வேணாம்."

அவள் தம்பி அந்த இயக்கத்தில் சேர்ந்து செத்தவன் என்பது பட்டறைக்கே தெரியும். புருஷன் கதை எனக்கு மட்டும் தெரியும். தபால்காரன். எல்லாக் கடிதத்தையும் எல்லாருக்கும் கொடுத்தான், ராணுவ முகாமுக்கும் கொடுத்தான். காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லிச் சுட்டது அதே இயக்கம். ஷெல் விழுந்து செத்ததாக மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். நாளைக்கு அப்பனைச் சுட்டவர்களின் கொடியை மகள் தூக்கிப் பிடிக்கப் போகிறாள். சொன்னால் மகள் உடைந்துபோவாள், சொல்லாவிட்டால் தாய். ஒரு ராத்திரிதான் இடையில் இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். நமக்குத்தான் வாய் அடங்காதே. "துணிதானேம்மா! நானே தைக்கிறேன்," என்றேன்.

"உங்களுக்குத் துணிண்ணே," என்றாள். அவ்வளவுதான்.

நான் மெஷினில் உட்கார்ந்து இருபது வருடமாகியிருந்தது. மூலை மெஷின்காரி, "முதலாளி, ஊசி கீழ இறங்கும், கை தள்ளியே இருக்கட்டும்," என்றாள். சிரித்தார்கள். சிரிக்கட்டும். தொழில் என் ரத்தத்தில் ஓடுகிறது.

கொடியின் இரண்டு பக்கமும் சின்னம் தெரிய வேண்டுமானால் ஒரு வழி உண்டு. கறுப்புத் துணியில் வெட்டிய சின்னத்தைக் கொடிமேல் வைத்துச் சுற்றித் தைத்து, பிறகு மறுபக்கம் திருப்பி, தையலுக்கு உள்ளே இருக்கும் கொடித் துணியை வெட்டி எடுத்துவிட வேண்டும். தைத்தேன், வெட்டினேன், உதறி மாட்டினேன். அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மகள் வாங்க வந்தபோதும் யார் கண்ணிலும் தப்புப் படவில்லை. ஒத்தைநூல்தான் எழுந்து வந்து கம்பு நுழையும் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, துப்பாக்கி திரும்பியிருக்கு."

நான் சின்னத்தை வைத்துத் தைத்தது கொடியின் பின்பக்கத்தில். அங்கே கம்புப் பை வலக்கைப் பக்கம் வரும். அதை நான் மறந்துவிட்டேன். துப்பாக்கியின் வாய் கம்பைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கொடியைப் பிடித்து நடக்கும்போது முன்னால் பார்க்கும். நான் தைத்தது பின்னால் வருகிறவர்களைப் பார்த்தது. பிரித்தாலோ துப்பாக்கி அளவுக்கு ஓட்டை.

"புதுசாவே தைச்சுத் தர்றேன்," என்று துணி தேடினேன்.

"மாத்தாதீங்க. இப்பதான் சரியா இருக்கு," என்றாள் ஒத்தைநூல்.

மகள் அம்மாவையே பார்த்தாள். "என்னம்மா பேசறே?"

ஒத்தைநூல் நின்றபடியே சொன்னாள். பட்டறையில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். "உங்கப்பா ஷெல்லுல சாகல. அவங்க சுட்டாங்க. தபால் பையோட கிடந்தாரு. உன் மாமா அப்ப அவங்க கூடத்தான் இருந்தான். சுட்டவனும் நம்ம ஊர்க்காரன். அவங்க இல்லாட்டி ராணுவம் வந்த அன்னைக்கு நம்ம தெருவே எரிஞ்சிருக்கும், அதுவும் உண்மை. ரெண்டும் உண்மைடி. எனக்கு அதுக்கு மேல தெரியல."

மகள் அழவில்லை. கொடியைச் சுருட்டினாள், ஒருமுறை சரியாக வரவில்லை, மறுபடி சுருட்டினாள். "நீ பொய் சொல்லியிருக்கே. இவ்வளவு நாளும்."

"ஆமா."

"நான் நாளைக்குப் பிடிப்பேன். ஆஸ்பத்திரில குழந்தைங்க செத்திருக்கு."

"பிடி. நான் பின்னால வரேன்."

நான் எந்த ஊர்வலத்துக்கும் போனதில்லை. மறுநாள் போனேன். கால் நிற்கவில்லை, நடைபாதையோரமாகக் கூடவே நடந்தேன். மகள் முன்னால் கொடியோடு. இரண்டாவது வரிசையில், வேலைக்கு வரும் அதே பழுப்புச் சேலையில் ஒத்தைநூல். காற்று அடித்தபோதெல்லாம் துணி விரிந்து, அந்தக் கறுப்பு வாய் அவள் நெற்றிக்கு நேராக வந்தது. அவள் குனியவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவை நின்றேவிட்டாள்.

கோஷம் சொல்லிக்கொண்டிருந்த பையனுக்கு மைக்கு என்று பட்டப்பெயர். "என்ன அக்கா, கை வலிக்குதா? நிக்காதீங்க, கேமரா பாக்குது!" என்று கத்தினான். அவள் கம்பை அவன் கையில் திணித்தாள். அவன் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு நடந்தான். கொடி போய்க்கொண்டேதான் இருந்தது.

மகள் பின்தங்கி அம்மா பக்கத்தில் வந்தாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினேன்.

"சுட்டவன் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். அடுத்த மாசமே அவனும் செத்துட்டான். அவன் அம்மா நம்ம வாசல்ல வந்து உக்காந்தா. தண்ணி குடுத்தேன்."

"ஏன் குடுத்தே?"

ஒத்தைநூல் வாயைத் திறந்தாள். அதற்குள் முன்னால் மைக்கு கோஷத்தின் முதல் பாதியைச் சொன்னான். மறுபாதியைத் தெருவே திருப்பிச் சொன்னது. மகளின் உதடு மட்டும் அசையவில்லை. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தபடி நடந்தாள்.