ஏலிம் ஊற்றும் என் மனைவியின் ஆட்சேபணையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறைந்த சபையில், என் மனைவி எழுந்து நின்று சொந்தத் தம்பி மகளின் கல்யாணத்துக்கு ஆட்சேபணை சொன்னாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன்... விழுங்கவில்லை.

எங்கள் பக்கத்து சர்ச்சுகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு 'ஓலை' வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஐயர் அறிவிப்பார். எங்களுக்குப் போதகர்தான் ஐயர். யாரும் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அந்த இடத்தில் ஐயர் ஒரு மூச்சு விடுவார், யாராவது இருமுவார்கள், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம்.

"எனக்கு ஆட்சேபணை உண்டு ஐயரே" என்றாள் கிரேஸ்.

மணப்பெண் ஷைனியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் அப்பா, அதாவது என் மச்சினன் ஜெபராஜ், திரும்பி ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்... சரி, ஒரு வாரம் பின்னால் போனால்தான் இது புரியும்.

ஜெபராஜ் கல்ஃபில் சம்பாதித்து, ஊருக்கு வந்து, மலையடிவாரத்தில் ரப்பர் எஸ்டேட் வாங்கியவன். எஸ்டேட்டோடு ஓர் அணையும் சேர்ந்து வந்தது. பழைய முதலாளி எவரோ ஓடையை மறித்துக் கட்டிய மண் அணை. ஒரு பக்கம் பச்சைப்பசேல் என்று தண்ணீர். மறுபக்கம், பள்ளத்தில், ஒரு சர்ச்சும் முப்பது நாற்பது வீடுகளும்.

எஸ்டேட் கேட்டுக்கு சிசிடிவி உண்டு. நாய் உண்டு. அணைக்கு? ஒன்றும் கிடையாது. அணையை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்?

ஆனால் அணையின் அடியில் ஓர் ஊற்று உண்டு. மச்சானின் பெருமையே அதுதான். கோடையிலும் வற்றாது, பல் கூசும் குளிர்ச்சி. அதற்குத் தொட்டி கட்டி, டைல்ஸ் ஒட்டி, ஐயரை அழைத்து ஜெபம் செய்து, கிரானைட் பலகையில் 'ஏலிம் ஊற்று' என்று பெயரும் வெட்டி வைத்துவிட்டான். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தாகத்தோடு நடந்தபோது தண்ணீர் கிடைத்த இடம் ஏலிம். கீழே உள்ள வீடுகள் அங்கேதான் குடம் பிடிக்கும். விருந்தாளி யார் போனாலும் காப்பிக்கு முன்னால் ஒரு கிளாஸ் ஏலிம் தண்ணீர் கட்டாயம்.

நம்மிடம் இப்படி ஒரு குணம். சும்மா எது கிடைத்தாலும், எங்கிருந்து வருகிறது என்று கேட்க மாட்டோம் — டைல்ஸ் ஒட்டிவிடுவோம்!

கல்யாணப் பேச்சுக்காக அன்று எங்கள் வீடு இருக்கிற கருங்கலில் இருந்து கிளம்பினோம். மார்த்தாண்டம் டிராஃபிக்கில் வெந்து, ஒருவழியாக எஸ்டேட் போய்ச் சேர்ந்தால், மச்சான் கிளாஸோடு நிற்கிறான்.

"குடியுங்க அத்தான். இந்த மாதிரி வெள்ளம் எங்க போனாலும் கிட்டாது."

எங்கள் பக்கம் குடிதண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். கிரேஸ் குடிக்கவில்லை. கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். குளம், கால்வாய், மதகு என்று வேலைக்காலம் முழுவதும் சேற்றில் நடந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர் அவள். வீட்டில் ரசத்தையே அப்படித்தான் பார்ப்பாள்.

"ஏலே ஜெபா, இது எப்பத்திலேர்ந்து கலங்கி வருது?"

"மழக்காலம்லா எக்கா. கொஞ்சம் அப்பிடித்தான் வரும்."

"மழ இன்னும் பெய்யவே இல்லியே லே."

கிளாஸை மேசையில் வைத்தாள். நாங்கள் சாப்பிட்டு எழுந்தபோது அதன் அடியில் செம்மண் படிந்திருந்தது. என் வயிற்றில் எவ்வளவு படிந்திருந்ததோ... கர்த்தருக்கே வெளிச்சம்.

அப்புறம் நடந்தது அக்கா தம்பி சண்டை. கிரேஸ் சொன்னதன் சாரம் இதுதான்: அது ஊற்றே அல்ல, அணையின் கசிவு. கசிவு தெளிவாக இருக்கும்வரை ஒரு கண் வைத்திருக்கலாம். மண்ணோடு வந்தால் அணை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம். ஐப்பசி மழை கனத்து இறங்கினால் கீழே உள்ள வீடுகள் இருக்காது. இப்போதே தண்ணீரைக் குறைக்க வேண்டும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக — சட்டென்று இறக்கினால் ஊறிப்போன கரை சரிந்துவிடும்.

மச்சானுக்குத் தலை சுற்றியது. ஏன் தெரியுமா? கல்யாண விருந்தே அந்த அணைக்கரையில்தான்! கேரளாவிலிருந்து அலங்காரப் படகு வருகிறது. மணமக்கள் அதில் மிதந்து வர வேண்டும், மேலே டிரோன் பறக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் படகா?

"கல்யாணம் கழியட்டு எக்கா. மறுநாளே தொறந்து விடுதேன். எனக்க அணைதானே, எங்க போவப் போவுது?"

"அணை உனக்கது. கீழ கெடக்கிய ஆளுவளும் உனக்கயா?"

யோசித்துப் பார்த்தால், தனியார் அணையின் விசேஷம் இதுதான். பட்டா ஒருத்தர் பெயரில் இருக்கும். உடைந்தால் மட்டும் ஊருக்குப் பொது.

வாரம் முழுக்க ஃபோனில் கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் அவன் ஃபோன் எடுப்பதையே நிறுத்திவிட்டான். ஞாயிறு வந்தது. முதல் ஓலைக்கு நாங்களும் அந்தப் பள்ளத்து சர்ச்சுக்குப் போயிருந்தோம். பள்ளத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்சேபணை உண்டா என்று ஐயரே வாய்விட்டுக் கேட்கிறார்... கிரேஸுக்கு வேறென்ன வேண்டும்?

"கல்யாணத்துக்கு இல்ல ஐயரே. மாப்பிள தங்கமான பையன். எனக்க ஆட்சேபணை அணைக்கு" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சபை கொதிக்கும் என்று நினைத்தேன். கொதித்தது — அவள் மேல்! பின் வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். "என்ன டீச்சரே இப்பிடிச் சொல்லுதீங்க? அந்த ஊத்து வெள்ளத்திலதான் எங்க வீட்ல சோறு பொங்குது." எங்கள் ஊரில் படித்த பெண்கள் எல்லோரும் டீச்சர்தான். எஞ்சினியர் என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாள்.

"செரி. இந்த வாரம் பொங்கின சோறு என்ன நெறம்?"

அந்த அம்மா யோசித்தார். "லேசா செவப்பாத்தான் இருந்துது. நான் ரேஷன் அரிசியையில்லா வஞ்சேன்."

"நான் பானையை மாத்தினேன்" என்றது இன்னொரு குரல். "நான் அவியள வஞ்சேன், குடத்தக் கழுவாம பிடிச்சிட்டு வந்தியளான்னு" என்று புருஷனைத் திட்டிய கதையைச் சொன்னது மூன்றாவது. சர்ச்சே சிரித்துவிட்டது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஏலிமைச் சந்தேகப்பட மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. சிரிப்பு அடங்கியபோது எல்லாத் தலைகளும் ஜெபராஜ் பக்கம் திரும்பின.

ஆனால் ஷைனிதான் எழுந்தாள்.

"எனக்கு போட்டும் வேண்டாம், டிரோனும் வேண்டாம் அப்பா. நான் போட்ல வாறத பாக்க இவங்க எல்லாரும் இருக்கணும்லா?"

ஜெபராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செரி மக்கா. இன்னைக்கே ஆரம்பிப்போம்" என்றான்.

ஐயர் முறை தவறாத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ, திருமணத்துக்கு ஆட்சேபணை?" என்று மறுபடியும் கேட்டார்.

"இல்ல ஐயரே" என்று உட்கார்ந்தாள் கிரேஸ்.

அன்று மத்தியானமே எல்லோரும் அணைமேல் ஏறினோம். தகவல் சொல்ல வேண்டிய அலுவலகத்துக்கும் சொன்னோம். வந்து பார்த்து, கிரேஸ் சொன்னதையே சொன்னார்கள். ஷட்டர் துருப்பிடித்து அசைய மறுத்தது. அதனாலென்ன? ரப்பருக்கும் வாழைக்கும் தண்ணீர் பாய்ச்சுகிற ஊரில் ஹோஸுக்கா பஞ்சம்? வீட்டுக்கொன்றாக வந்து சேர்ந்தன. பச்சை, நீலம், மஞ்சள்... கரைக்கு மேலே வளைத்துப் போட்டு, பள்ளத்துப் பக்க முனையில் வாய் வைத்துத் தண்ணீரை இழுத்து விட்டார்கள். அணைக்கு வண்ண வண்ணமாகப் பூணூல் போட்ட மாதிரி இருந்தது. கிரேஸ் குடையோடு உட்கார்ந்துகொண்டு, "அந்த ரெண்டு ஹோஸ நிறுத்து, அவசரப்படாத" என்று அதிகாரம் செய்தாள். ஓய்வு பெற்றபின் அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

தண்ணீர் இறங்க இறங்க, ஏலிம் மெலிந்தது. ஒரு காலையில் நூல்போல வந்தது. மறுநாள் அதுவும் நின்றது. மச்சான் வறண்ட தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு போய், தன் கிணற்றிலிருந்து பள்ளத்து வீடுகளுக்குப் பைப் போட ஆள் சொல்லிவிட்டு வந்தான்.

அப்புறம் மீன்! விராலும் கெண்டையும் சேற்றில் துள்ள, ஊரே இறங்கிவிட்டது. மாப்பிள்ளையும் வந்துவிட்டான். டிரோன் எடுக்க வேண்டிய கல்யாண போட்டோவை, முழங்கால் சேற்றில், ஆளுக்கொரு விராலோடு எடுத்துக்கொண்டார்கள். ஷைனியுடையது நழுவி ஓடிவிட்டது. அந்தப் படம்தான் இப்போது எல்லோர் ஃபோனிலும் இருக்கிறது.

அந்தக் களேபரத்தில்தான் ஜெபராஜ் கரையின் உட்சரிவில் ஒரு பொந்தைப் பார்த்தான். கையை விட்டான். முழங்கை போனது. தோள்வரை போனது. வெளியே எடுக்காமல் அப்படியே சரிவில் படுத்திருந்தான். பிறகு எழுந்து, சேற்றுக் கையோடு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "எக்கா..." என்றான். அவள் திட்டவில்லை.

கல்யாண விருந்து அணைக்குக் கீழே, சர்ச் ஹாலில். அணையில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. மழைத் தண்ணீர் தங்காமல் ஓட, கரையைக் கீறி வழியும் வெட்டியாயிற்று. இரண்டாம் பந்தியில் இடி இடித்தது. அடுத்த நிமிஷம் தகரக் கூரைமேல் மழை... சாதாரண மழையா? பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. ஊர் மொத்தமும் கிரேஸின் முகத்தைப் பார்த்தது. பாயச வாளியோடு நின்ற ஜெபராஜும்தான்.

கிரேஸ் இலையில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"மழ பெய்யட்டு லே. நீ பாயசத்த விளம்பு."