அந்தோனியாருக்குப் பின்னால் அறுந்த வயர்

என்ரை சகோதரங்களே, கார் ஓடிப் பிழைக்கிறவனுக்குக் காரே காலை வாரினால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத்தான் தெரியும். எங்கடை தீவிலை, சுருவில் ஊரிலை வாடகைக் கார் வைச்சிருக்கிறன். கெட்டிக்காரச் சாரதி எண்டு பேர் எடுத்தவன். பெருமைக்குச் சொல்லேல்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்லுறன்.

எழுபதுகளின்ரை தொடக்கம். காருக்குச் சாமான் இறக்குமதி இல்லாத காலம். சாவியைத் திருப்பினால் டாஷ்போட்டிலை சின்னச் சிவப்பு லைற் எரியவேணும். சில நாள் எரியும், கார் உடனை ஸ்ரார்ட் ஆகும். சில நாள் லைற்றும் இல்லை, எஞ்சினும் இல்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனால், பொல்லாத கார், மெக்கானிக்குக்கு முன்னாலை ஒரே தரத்திலை பிடிக்கும். பற்றரி மாத்தினம், பிளக் துடைச்சம். ஒரு பிரயோசனமும் இல்லை.

டாஷ்போட் பலகையிலை அந்தோனியார் சுரூபம் ஒண்டை நானே ஆசையாத் திருகாணி போட்டுப் பூட்டியிருந்தனான். ஒருநாள் ஏலாக் கட்டத்திலை அவரை இறுக்கிப் பிடிச்சுச் செபிச்சன். லைற் எரிஞ்சுது. கார் பிடிச்சுது. அடுத்த முறையும் அப்பிடித்தான். புதுமை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். சனம் வந்து தொட்டுக் கும்பிட்டுது. எனக்குத் தலைகால் தெரியேல்லை.

மாரி தொடங்கி ஒரு மத்தியானம் என்ரை மனுசி பிலோமினாவுக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டிட்டுது. தலைச்சன் பிள்ளை. இரத்தமும் போகத் தொடங்கினது. அவவையும் மாமியையும் பின்சீற்றிலை ஏத்திக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டன். பாதிவழியிலை றோட்டுப் பள்ளம் ஒண்டிலை விழுந்ததோடை கார் நிண்டுபோச்சு. சாவியைத் திருப்பினன். லைற் இல்லை. அந்தோனியாரைப் பிடிச்சன், அமத்தினன், அழுதன். லைற் இல்லை. றோட்டிலை ஈ காக்கை இல்லை. "ஆண்டவரே, இவளை எடுத்துப்போடாதையும். என்ன செய்யிறதெண்டு காட்டும்" எண்டு கத்தினன்.

பின்னாலையிருந்து பிலோமினா பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னா: "இஞ்சாருங்கோ, அவரைப் பிடிச்சது காணும். அவரை அமத்தினால் மட்டும் ஏன் லைற் எரிஞ்சது எண்டு பாருங்கோ."

எனக்கு அது ஆண்டவற்றை குரல்தான். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அந்தோனியாரைக் கழட்டினன். பலகைக்குப் பின்னாலை கையை விட்டு, சாவியிலையிருந்து லைற்றுக்கும் எஞ்சினுக்கும் போற வயரை இழுத்தன். அறுந்து கிடந்தது. நான் பூட்டின திருகாணிதான் குத்தி அறுத்திருக்கு! சுரூபத்தை அமத்தேக்கை ரண்டு நுனியும் திருகாணியிலை முட்டும், லைற் எரியும். அவ்வளவுதான் என்ரை புதுமை. உறையைப் பல்லாலை கடிச்சு உரிச்சு, ரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கினன். எஞ்சின் பிடிச்சுது.

கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை எண்டார் டொக்டர். அதைக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலிலை இருந்து குழறி அழுதனான்.

கராஜ்காரர் மாதக்கணக்காத் தேடினதை நான் கால் மணித்தியாலத்திலை கண்டுபிடிச்சன். ஓம், நெஞ்சை நிமித்தித்தான் சொல்லுறன். ஆனால் பயத்திலை குருடாப் போனவனுக்குக் கண்ணைத் திறந்தவர் ஆண்டவர். இப்ப தீவிலை ஆரின்ரை கார் நிண்டாலும் என்னைத்தான் கூப்பிடுகினம். முதல் செபிப்பன், பிறகு பொனற்றைத் திறப்பன். வீட்டிலை பிலோமினா ஒண்டு சொன்னால் மறுத்துக் கதைக்கிறதும் இல்லை.

உங்களுக்கும் பாதிவழியிலை நிக்கிற நேரம் வரும். செபியுங்கோ. செபிச்சுப்போட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கோ, அவர் காட்டுவார். நம்பேலாதவை இந்தக் கோயில் முன்வாங்கிலை இருக்கிற என்ரை மகளைப் பாருங்கோ. போன கிழமைதான் அவளுக்குப் பத்து வயசு முடிஞ்சது.