ஸ்டென்ட் வைத்த நெஞ்சும் ஒரு லேடீஸ் சைக்கிளும்

எனக்கு முதலில் வலித்தது தாடைதான். இடது பக்கம், கடைவாய்ப் பல்லுக்குக் கீழே. மாடியில் துணி காயப்போட ஏறினால் வலிக்கும். இறங்கி வந்து உட்கார்ந்தால் போய்விடும். பல்தான் என்று நினைத்துப் பத்து நாள் கிராம்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடச்சனேந்தல் பக்கம் வீடு. இருபது வருடத்துக்கு மேலாகத் தையல் மிஷின்தான் வாழ்க்கை. எதற்கும் பயப்படுகிற ஆள். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவளே மீண்டு வந்திருக்கிறேன் என்றால், இதைப் படிக்கிற உங்களாலும் முடியும். தைரியமாகப் படியுங்கள்.

பல் டாக்டர் சின்னப் பெண். கிளினிக் இரண்டாவது மாடியில். ஏறிப் போனபோது வலி உச்சத்தில் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடத்தில் காணாமல் போயிற்று. அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"பல்லுல ஒண்ணுமே இல்லக்கா. படி ஏறும்போது மட்டும் வலிக்குதா?"

"ஆமாம்மா."

"உக்காந்தா நின்னுருதா?"

"நின்னுருது."

கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க இன்னைக்கே இதய டாக்டரப் பாக்கணும். தனியாப் போகாதீங்க, வீட்டுக்காரர வரச் சொல்லுங்க."

பல்லைக் காட்டப் போனவள் அன்று மாலையே ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் ஆஞ்சியோகிராம் (கையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயை உள்ளே விட்டு, இதயக் குழாய்களில் அடைப்பு எங்கே என்று பார்க்கும் சோதனை). ஒரு குழாயில் பெரிய அடைப்பு. அங்கேயே ஸ்டென்ட் (குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கிப் பிடிக்கும் சிறிய கம்பி வலை) வைத்தார்கள்.

பெண்களுக்கு இது நெஞ்சுவலியாக வராமல் தாடை, முதுகு, வெறும் களைப்பு என்றும் வருமாம். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான நோய் ஆரம்பித்தது. அதன் பெயர் பயம். மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டே இருப்பேன். வேகமாக அடித்தால் பயம், மெதுவாக அடித்தால் அதைவிடப் பயம். மிஷினில் உட்கார மாட்டேன். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த துணிகளை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

ஆறு வாரம் கழித்து இதய டாக்டரம்மா கேட்டார். "தெனமும் நடக்கிறீங்களா?"

"முட்டி விட மாட்டேங்குது டாக்டர். தேய்மானம்."

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"சின்னப்புள்ளையில ஓட்டுனது."

"அது மறக்காது. சமதரையில, மெதுவா ஓட்டுங்க. ஓட்டும்போது பக்கத்துல இருக்கிறவங்ககூடப் பேச முடியணும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குனா நிறுத்திரணும்."

என் வீட்டுக்காரர் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவர். அவருக்கு இதில் சம்மதமே இல்லை. ஆனாலும் சைக்கிள் வாங்கி வந்தார், ஹெல்மெட்டோடு. ஒரு நிபந்தனையும் போட்டார். "இதனால ஒருக்கா உனக்கு முடியாமப் போச்சுன்னு வையி, அன்னைக்கே இத வித்துருவேன். அதுக்கப்புறம் கேக்கக் கூடாது."

முதல் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டினேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். "ஏய், பாத்து! முன்னால பாரு! பஸ்ஸு கிஸ்ஸு வந்துறப் போகுது!"

"மைதானத்துக்குள்ள எங்கருந்துங்க பஸ்ஸு வரும்?"

அவர் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். நான் மூன்று சுற்று சுற்றி வந்தேன். ஐயோ, அதை எப்படி எழுதுவது! நாற்பத்தைந்து வயதில் காற்று காதுக்குள் போகிறது. மிஷின் மிதித்த அதே கால்தான். ஆனால் அங்கே எவ்வளவு மிதித்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பேன். இங்கே மிதித்தால் இடம் நகர்கிறது!

அப்புறம் அழகர்கோவில் ரோட்டில் விடியற்காலை இறங்கினேன். சுடிதாரும் ஹெல்மெட்டுமாக. தெருமுனையில் பால் வாங்க நின்ற பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா விடவில்லை.

"என்ன மல்லிகா, பள்ளிக்கூடத்துக்கா?"

"ஆமாக்கா, எட்டாப்போட நின்னுச்சுல்ல, ஒம்பதாப்புக்குப் போறேன்."

பால்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

முதலில் இரண்டு கிலோமீட்டர். அப்புறம் நாலு. ரோட்டின் இரு பக்கமும் நாற்று நட்ட வயல், எதிரே மேகம் போர்த்திய அழகர்மலை. மெல்ல அப்பன்திருப்பதி வரை போய்த் திரும்ப ஆரம்பித்தேன். துணிகளைத் திரும்ப வாங்கித் தைக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது.

முதலில் லேசாக. நாலைந்து நாளில், சமதரையிலேயே மலை ஏறுவது போல் ஆகிவிட்டது. கூடவே ஒரு சத்தம். 'ஸ்ஸ்ர், ஸ்ஸ்ர்' என்று இழுப்பு மாதிரி. என் நெஞ்சுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று நிச்சயமாக நினைத்தேன். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

செய்த பெரிய தப்பு, நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிள் போய்விடும். செத்தாலும் பரவாயில்லை, சைக்கிள் போகக் கூடாது என்று நினைத்தது வெறும் பைத்தியக்காரத்தனம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மூச்சு வாங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ஐந்தாம் நாள், அப்பன்திருப்பதிக்குப் போகும் முன்பே, ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பூ இறக்கிய கையோடு லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தார். திட்டவில்லை. சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். அவர் திட்டாததுதான் பயமாக இருந்தது.

ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ (ஒலி அலையால் இதயம் சுருங்கி விரிவதைப் படமாகப் பார்ப்பது) எடுத்தார்கள். இரத்தம் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்ததால், மறுநாள் டிரெட்மில் சோதனை (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, உழைக்கும்போது இதயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது). முட்டி வலியோடும் நடந்தேன். போதும் என்று அவர்கள் சொல்லும் வரை நடந்தேன். தாடை வலிக்கவில்லை. சத்தமும் வரவில்லை.

டாக்டரம்மா தாளைப் புரட்டினார். "ரொம்ப நல்லா இருக்கு. போன தடவையவிட உங்க இதயம் இப்ப பலமா இருக்கு."

"அப்ப அந்தச் சத்தம் டாக்டர்?"

"எப்பெப்ப வருது?"

"சைக்கிள் ஓட்டும்போது மட்டும்."

"சைக்கிள நிறுத்துனா?"

"நின்னுருது."

அவர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சைக்கிளையும் ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்களேன்" என்றார்.

லாரியில் கிடந்த சைக்கிளோடு நேராகக் கடச்சனேந்தல் சைக்கிள் மெக்கானிக்கிடம் போனோம். அவர் பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுழற்றிவிட்டார். சக்கரம் 'ஸ்ஸ்ர்' என்றது. அரைச் சுற்றில் நின்றது.

என் நெஞ்சுச் சத்தம்!

"பிரேக் ஒயர யாரு இம்புட்டு இறுக்குனது?"

"சைக்கிள் வாங்குனப்ப நீங்கதாண்ணே சொன்னீங்க. இந்த நட்ட லேசாத் திருகிக்கிட்டா பிரேக்கு நல்லாப் பிடிக்கும்னு."

"லூசானா திருகுன்னு சொன்னேன் தங்கச்சி. நீ எப்பெப்பத் திருகுன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தெனமும்."

காலையில் எழுந்ததும் மாத்திரை போடுவேன். இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை அது. விழுந்து அடிபட்டால் இரத்தம் நிற்காதே என்ற பயத்தில், மாத்திரை போட்ட கையோடு போய் அந்த நட்டை ஒரு திருகு திருகுவேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மிஷினில் நூல் பிடி தளர்ந்தால் திருகிப் பழகிய கை. தளராததையும் திருகியிருக்கிறது. பிரேக் கட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, கடைசியில் சக்கரத்தைக் கவ்விக்கொண்டுவிட்டன.

"பிரேக்கப் பிடிச்சுக்கிட்டே அப்பன்திருப்பதி வரைக்கும் போயிட்டு வந்திருக்க!" மெக்கானிக் அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எளந்தாரிப் பய ஓட்டுனாலே நாக்குத் தள்ளிரும். மாப்ள, இது நெஞ்சா இல்ல லாரி எஞ்சினா?"

என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். "நாளப்பின்ன என் வண்டி நின்னுபோனா இவளத்தாண்ணே கட்டி இழுக்கணும்."

வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று குதித்துக்கொண்டிருந்தது. நான் பயந்து பயந்து காப்பாற்றிய நெஞ்சு, அத்தனை நாளும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது!

அண்ணன் நட்டைத் தளர்த்தி மறுபடி சுழற்றினார். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நாங்கள் பேசி முடித்த பிறகும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சைக்கிளை லாரியில் ஏற்றப் போன என் வீட்டுக்காரரிடம், "நான் ஓட்டிக்கிட்டே வாரேன்" என்றேன். ஹேண்டில்பாரை என் கையில் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து, டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அழகர்கோவில் வரைக்கும் தனியாக ஓட்டினேன். கோவிலின் கோட்டை வாசல் வந்ததும் இறங்கி, நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். நெஞ்சு திம்திம் என்று அடித்தது. விரல் மணிக்கட்டுக்குப் போகவில்லை. உள்ளே யாரோ நல்ல சேதி கொண்டுவந்து கதவைத் தட்டுவது போல் இருந்தது.

போன் அடித்தது. "எங்க இருக்க?"

"அழகர்கோவில்ல."

"அம்புட்டுத் தூரமா? மூச்சு வாங்குதா?"

"வாங்குது. பேசவும் முடியுது."

"அங்கயே இரு. வண்டிய எடுத்துக்கிட்டு வாரேன்."

"வேணாங்க. இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு நானே வந்துர்றேன்."

ஒரு குரங்கு என் தண்ணீர்ப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. திம்திம் மெல்ல மெல்ல இறங்கி, எப்போது அடங்கியது என்று தெரியாமலே அடங்கிவிட்டது. மணி பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் இருந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.