கனத்த திரையும் சாம்பல் நிறப் பெட்டியும்

அவள் திரைச்சீலை தைப்பவள். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வீட்டு ஜன்னல்களை அளந்துதான் பிழைப்பு. தெருவில் எல்லோருக்கும் அவள் 'திரைக்கா'. தபால்காரர்கூட வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒருமுறை ஒரு பல் டாக்டர் வீட்டில் ஏணிமேல் நின்று ஜன்னலின் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள். சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். அவற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் பாடினாள். பாட்டு காது வழியாக வந்த மாதிரியே இல்லை. வெந்நீரில் கால் வைத்ததுபோல் பாதத்திலிருந்து மெல்ல மேலே ஏறியது. அளவு நாடா கை நழுவிக் கீழே விழுந்து சுருண்டுகொண்டது. அன்று அவள் குறித்து வந்த அளவு தப்பு. டாக்டர் வீட்டுத் திரை ஒரு சாண் குட்டையாகப் போய், மறுபடி தைத்துக் கொடுத்தாள். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அதே மாதிரி ஒரு ஜோடி ஸ்பீக்கர் அவள் வீட்டுக்கு வந்து சேர ஒன்பது வருடம் ஆயிற்று. அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

அவள் கணவர் சலவை ஆலையில் பாய்லர் பார்ப்பவர். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இருவரும் சோபாவில் உட்கார்ந்து ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கத்தைக் கேட்பார்கள். பேச மாட்டார்கள். அந்த இருபது நிமிடம்தான் அவர்கள் குடும்பம் நடத்தியதே என்று சொன்னாலும் தப்பில்லை. போன வருடம் காது டாக்டர், பாய்லர் இரைச்சல் இவர் காதைத் தின்றுவிட்டது, மெல்லிய கூரான சத்தங்கள் இனி முழுசாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார். சாவிக்கொத்தின் சத்தம், குருவியின் சத்தம் எல்லாம் அந்தக் கணக்கில் போயின. அன்றிலிருந்து அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பின்பக்க பால்கனி நாற்காலிக்குப் போய்விடுவார். கோபம் எதுவும் இல்லை. "நீ கேளு" என்பார், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் சோபா அவளுக்குப் பெரிதாகிப்போனது. அவரை மறுபடி அந்த இடத்தில் உட்கார வைக்கத்தான் இந்த ஸ்பீக்கர்.

அவள் தம்பி ஒலிக்கருவிக் கடை வைத்திருக்கிறான். ஸ்பீக்கரோடு இரண்டு ஆம்ப்ளிஃபையர்களைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்று வால்வு வைத்தது. கண்ணாடிக் குழல்கள் சூடேறி, அந்தி நேரத்து ஜன்னல்போல ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும். மற்றது சாம்பல் நிறத்தில் ஒரு கனமான பெட்டி.

"இது சோம்பேறி ஸ்பீக்கர்க்கா," என்றான் தம்பி. "தூக்கி உக்கார வைக்கப் பலம் வேணும். சாம்பலையே வெச்சுக்கோ."

அந்தப் பெட்டியைப் பார்த்தால் ஏதோ ஆபீஸ் அலமாரி மாதிரி இருந்தது. இதமான ஸ்பீக்கருக்கு இதமான ஆம்ப்ளிஃபையர்தானே சேரும் என்று அவளுக்குப் பட்டது. நல்ல துணிக்கு நல்ல உள்துணி வைத்துத் தைக்கும் கை அல்லவா? வால்வையே ஸ்பீக்கரோடு இணைத்தாள். சாம்பல் பெட்டிமேல் கத்தரிக்கோலையும் நூல்கண்டுகளையும் வைத்தாள்.

முதல் சாயங்காலம் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். அவர் ஐந்து நிமிடம் கேட்டார். "நல்லாதான் இருக்கு" என்று எழுந்தார். உப்பில்லாத சாப்பாட்டுக்கும் அவர் அதையேதான் சொல்வார்.

இன்னும் இதம் போதவில்லை என்று நினைத்தாள். கையில் தொழில் இருக்கிறதே. ஒரு வாரம் உட்கார்ந்து, கருநீல வெல்வெட்டில் இரட்டை உள்துணி வைத்து, ஜன்னல் இருக்கும் சுவர் முழுக்கத் திரை தைத்து மாட்டினாள். அவள் வாழ்நாளில் தைத்த ஆக அழகான திரை அது. அறைக்குள் நுழைந்தால் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது. பாட்டும் தண்ணீருக்கடியில் போய்விட்டது. அவர் அன்று மூன்று நிமிடத்தில் எழுந்தார்.

அந்த வாரக் கடைசியில், வேறொருவருக்குக் காட்ட வேண்டும், நாலு நாளில் திருப்பித் தருகிறேன் என்று தம்பி வால்வை எடுத்துப்போனான். மறுநாள் மதியம் பார்த்தால் வெல்வெட்டின் ஓரம் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. கழற்றித் தையல் மிஷினில் போட்டாள். வீடு ஓவென்று கிடந்தது. மிஷின் சத்தத்துக்குத் துணையாக ஏதாவது பாடட்டும் என்று, வேண்டாவெறுப்பாகச் சாம்பல் பெட்டியில் ஒயரை மாட்டினாள்.

வெறும் ஜன்னல் வழியாக மதிய வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. தூசு மிதந்தது. பாட்டு தொடங்கியதும், பாடும் பெண் அறையின் நடுவில் வந்து நின்றாள். எட்டினால் அவள் முந்தானை கையில் படும்போல. பின்னால் தாளம் தடித்துக் குழம்பாமல் ஒவ்வொரு அடியாக வைத்தது.

கணவர் அன்று ஆலையிலிருந்து முன்னதாகவே வந்திருந்தார். கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"மூச்சு வாங்குறா," என்றார்.

அவள் மிஷினை நிறுத்தினாள்.

"பாடறதுக்கு முன்னாடி. மூச்சு வாங்குறா பாரு."

அவள் வெல்வெட்டைத் தூக்கி மறுபடி கம்பியில் மாட்டி, அதே பாட்டை முதலிலிருந்து வைத்தாள். அவர் முன்னால் சாய்ந்து கேட்டார். "இப்ப வாங்கல." கழற்றினாள். "இப்ப வாங்குறா." அவருக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மெல்லிய ஒலியையும் குடித்துக்கொண்டிருந்தது தன் திரைதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெல்வெட்டை மடித்து ஓரமாக வைத்தாள்.

தம்பி வால்வைத் திருப்பிக் கொண்டுவந்ததும் வெறும் ஜன்னலோடு அதையும் இணைத்துப் பார்த்தார்கள். மூச்சு லேசாகக் கேட்டது. ஆனால் தாளம் பெரிய அண்டாவில் தண்ணீர் தளும்புவதுபோல் அலைந்தது. அந்த அலையில் மூச்சு முங்கி முங்கி எழுந்தது. சாம்பல் பெட்டி தங்கிவிட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றான் தம்பி.

"நீ சொன்ன. நான்தான் கேக்கல. இந்த வீட்டுல எல்லாருக்குமே காது கொஞ்சம் மந்தம்டா."

சோபாவிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

வெல்வெட் இப்போது படுக்கையறை ஜன்னலில் தொங்குகிறது. முன்னறைக்கு வலைபோல் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி தைத்தாள். அரை மணி நேர வேலை. காற்றடித்தால் அது உள்ளே வந்து ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டுப் போகும். குருவிச் சத்தம் அவருக்கு இன்னும் கேட்பதில்லை. ஜன்னலில் குருவி வந்து உட்கார்ந்தால் அவள் அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறாள். பால்கனி நாற்காலியில் துணி காய்கிறது.

வெள்ளைத் திரை மாட்டிய முதல்நாள், இசைத்தட்டு ஒரு பக்கம் முடிந்து ஊசி தூக்கிக்கொண்டபோது, எழுந்து போய்விடுவாரோ என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"இன்னொரு தடவை போடு," என்றார்.