அரக்குச் சாயத்தின் மூன்று அளவுகள்

ஏழு மாதம் என் மகன் என்னை மச்சி என்று கூப்பிட்டான். கூப்பிடுவது என்னைத்தான் என்று அவனுக்குத் தெரியாது.

நான் மயிலாப்பூரில் தனியாக இருக்கிறேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மகன் இருப்பது வேளச்சேரியில். பறக்கும் ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அவன் அம்மாவின் திதிக்கு மட்டும்தான் வருவான். போன திதியன்று சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வைக்கப் போனவன் எட்டிப் பார்த்தேன். ஒரு அட்டவணை. இடது ஓரம் சாயங்களின் பெயர். பிறகு இரும்பு, தோல், துணி. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். பள்ளி நாட்களில் அவன் ஆடிய அதே இணைய விளையாட்டு. இன்னமும் விடவில்லை.

அந்த விளையாட்டில் நம் வீரனின் கவசத்துக்குச் சாயம் பூசலாம். ஒரே புட்டியின் சாயம் இரும்பில் ஒரு நிறம் காட்டும், தோலில் இன்னொன்று. பூசிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஆடுபவர்கள் எண்களைத் திரட்டி, எது எதில் எப்படி விழும் என்று ஒப்பிட்டு வைத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் என் மகன் இதை ஒரு நீள நோட்டில் செய்துவந்தான்.

பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. என் மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். நான் அந்த நோட்டைக் கூடத்துக்கு எடுத்துவந்து உரக்கப் படித்தேன்.

"கேளுங்க மாப்ள, ஐயா கவசத்துக்குச் சாயம் போடறாரு. இரும்புல நூத்தி இருபத்திரண்டு, தோல்ல நூத்திப் பத்து!"

"தி.நகர்ல பொடவைக் கடையில சேத்துவிடுங்க மாமா. மேட்சிங் பிளவுஸ் செக்‌ஷன்ல நல்லா வருவான்" என்றார் அவர். குழந்தைகள்கூடச் சிரித்தன.

"போதுங்க. அவன்கிட்ட குடுத்துடுங்க" என்றாள் மனைவி.

மகன் கதவருகே நின்றிருந்தான். அவன் பார்க்கவே நோட்டை நான்காகக் கிழித்தேன்.

படிப்பு கெட்டுவிடுமே என்ற பயத்தில், அது என்னவென்று புரியாமல் கிழித்துவிட்டேன் என்றுதான் மனைவியிடம் கடைசிவரை சொன்னேன். பொய். முதல் பக்கத்திலேயே எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு சாயத்துக்கும் மூன்று முறை அளவெடுத்துச் சராசரி போட்டிருந்தான். எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று குறித்திருந்தான். தவறிய அளவை அழிக்கவில்லை. கீழே உள்ளது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதியிருந்தான். ஆய்வகத்தில் நான் முப்பது வருடம் தொண்டை வறளச் சொன்ன விதி அது. என் மாணவர்கள் ரப்பரால் அழித்துவிட்டு என்னிடம் மழுப்புவார்கள். இவன் ஒழுங்காகச் செய்திருந்தான், ஆனால் பாடத்தில் அல்ல. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திதி முடிந்த அந்த வாரமே நானும் விளையாட்டில் சேர்ந்தேன். பெயர் கேட்டது. சமையலறையில் எதிரே இருந்ததைப் பார்த்து மோர்மிளகாய் என்று போட்டேன். ஆடுபவர்களின் குழுவில் அந்த அட்டவணை எல்லோருக்கும் திறந்திருந்தது. அதை நடத்துவது மகன்தான் என்று, தவறிய அளவில் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதும் விதத்திலேயே தெரிந்தது. யார் வேண்டுமானாலும் திரையில் தெரியும் நிறத்தைப் படம்பிடித்து, அதன் எண்களை அளவெடுத்துச் சேர்க்கலாம். ஒரே நிபந்தனை, விளையாட்டுக்குள் நண்பகலாக இருக்கும்போது சந்தைச் சதுக்கத்தில் நின்று எடுக்க வேண்டும். அங்கே நண்பகல் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வரும். ஞாயிறு காலைகளில் நான் அங்கே நின்றேன். அவனும் வருவான்.

"இன்னா மோர்மிளகா, டிபன் ஆச்சா?" என்று எழுதுவான். வீட்டில் அவன் வாயிலிருந்து நான் கேட்டிராத தமிழ்.

"ஆச்சு மச்சி."

"உன் ரீடிங் மட்டும் எப்பிடி மச்சி கரெக்டா கீது? மத்தவனுங்க கண்ட வெளிச்சத்துல எடுத்துத் தள்றானுங்க."

ஒருமுறை என்ன வேலை என்று கேட்டான். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று புளுகினேன். உடனே எழுதினான்: "ஃபீல் பண்ணாத மச்சி. ரெஸ்யூம் அனுப்பு, எங்க ஆபீஸ்ல குடுக்கறேன்."

அரக்கும் மெரூனும் இரும்பில் ஒன்றேதான் என்று குழுவில் ஒரு சண்டை வந்தது. மோர்மிளகாய் எடுத்தால்தான் நம்புவேன் என்றான் மகன். அரக்குக்கு மூன்று அளவு எடுத்துப் பதிந்தேன். பிறகுதான் மூன்றாவது ஒத்துவரவில்லை என்று கண்டேன். அதை எடுப்பதற்குள் விளையாட்டில் சாயங்காலமாகி மஞ்சள் வெயில் விழுந்திருக்கிறது. என் இடது கண்ணில் புரை. அதற்கு எல்லாமே மஞ்சள்தான், அதனால் திரை மஞ்சளானது எனக்குப் பிடிபடவில்லை. வலது கண்ணில் மட்டும் போன வருடம் அடையாறில் அறுவை செய்தார்கள். அதற்கு மட்டும் மகன் வந்து ஆட்டோவில் கூட்டிப்போனான். போகும்போதும் வரும்போதும் நாங்கள் பேசவில்லை.

தவறான எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதியிருக்கலாம். அவனைத் தவிர எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். என் கைக்கு அது வராது. ஒற்றைக் கோடு போட்டு, காரணத்துக்கான கட்டத்தில் "மாலை வெளிச்சம். கண்புரையால் கவனிக்கவில்லை" என்று எழுதி, சரியான அளவைக் கீழே சேர்த்தேன். எழுதி முடித்து, டீ போட்டுக் குடித்தபோதுகூட நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு திறந்து பார்த்தேன். நான் சேர்த்த நாற்பத்தொரு வரிகளிலும் மோர்மிளகாய் என்ற பெயர்மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் "அப்பா". எண்கள் எதையும் அவன் தொடவில்லை. நான் எழுதிய அந்த ஒன்றைத் தவிர, காரணத்துக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. சதுக்கத்துக்கு அவன் வரவில்லை.

அந்தக் கட்டங்கள் எனக்காக விட்டவையா, எழுத அவனுக்கு ஒன்றும் இல்லையா என்று தெரியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு முதல் வரியின் கட்டத்தில் எழுதினேன்: "உன் நோட்டு சரியாக இருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தே கிழித்தேன்."

ஐந்து வாரமாகிறது. அவன் அதன்மேல் கோடு போடவில்லை. பதிலும் எழுதவில்லை. மெரூனுக்கு இன்னும் அளவெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஞாயிறு மூன்று நண்பகல் சதுக்கத்தில் நின்றேன். யார் யாரோ வந்து போனார்கள். ஒருவன் என் கவசத்தைப் பார்த்து, இது என்ன சாயம் என்று கேட்டான். அரக்கு என்றேன்.