'எறங்கிருச்சு' என்று நான் சொன்ன சொல்

இதை எழுத வேண்டும் என்று ஆறு வருடமாக நினைக்கிறேன். நோட்டை எடுப்பேன், மேலே ஒரு பிள்ளையார் சுழி போடுவேன், கீழே ஆத்தாளை நினைத்து ஒரு கும்பிடு, அவ்வளவுதான். மூடி வைத்துவிடுவேன். எட்டாவது வரை படித்தவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்பது ஒரு தயக்கம். ஆத்தாளைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதினால் என் மனைவி மனது நோகும் என்று இருந்தேன். போன வாரம் அவளே சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சமயநல்லூர். காளவாசல் பக்கம் ஒரு பெயிண்ட் கடையில் எனக்கு வேலை. கேட்கிற நிறத்தைக் கலந்து கொடுப்பேன். இது நடந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அம்மை போட்டது, எனக்கு மட்டும் போடவில்லை. அதை ஒரு பெருமையாகவே எங்கள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது. "அவனை ஆத்தா தொட மாட்டா" என்று. நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பங்குனி வெயில். முதலில் உடம்பை முறித்துப் போட்டதுபோல் காய்ச்சல். மறுநாள் நெஞ்சில் நான்கைந்து கொப்புளம். அன்று மாலைக்குள் முகம், முதுகு, தலைமுடிக்குள், வாய்க்குள், கண் இமையில் என்று இடம் விடாமல் வந்துவிட்டது. கொப்புளம் என்று எழுதிவிட்டேன். வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது, முத்து என்றுதான் சொல்ல வேண்டும். என் மனைவி சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள். விடுமுறைக்குக் கொழுந்தியாள் வீட்டுக்குப் போயிருந்த எங்கள் மகளை அங்கேயே இருக்கச் சொல்லிப் போன் போட்டாள். அடுப்பில் தாளிப்பு நின்றது.

பழைய நூல் சேலையை விரித்து, அதன்மேல் வேப்பிலை போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். இளநீர், கம்மங்கூழ், சின்ன வெங்காயம். அரிப்பு தாங்காதபோது வேப்பங்குழையால் மெல்லத் தடவிவிடுவாள். தூங்கிவிட்டால் நகத்தால் கீறிவிடுவேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவளுக்குச் சிறு வயதிலேயே போட்டுவிட்டது. அதனால் பயமில்லாமல் பக்கத்தில் இருந்தாள்.

அம்மை கண்ட வீட்டில் படுத்திருந்தவர்களுக்குத்தான் இது தெரியும். அங்கே நோயாளி என்று ஒருவன் இல்லை. ஆத்தா வந்து தங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். என்னிடம் யாரும் பேசவில்லை, எனக்குள் இருந்த அவளிடம் பேசினார்கள். பதினெட்டு வருடமாக என்னைத் திட்டாத நாள் இல்லாத என் மனைவி, "தாயே, இளநி குடிக்கிறியா தாயே" என்று கேட்டாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் அண்ணன் காலையும் மாலையும் வந்து வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னடா சிரிக்கிற?" என்று கேட்டவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "தாயே, தெரியாமச் சொல்லிட்டேன்" என்றார்.

நான்காம் நாள் இருமல் வந்தது. வறட்டு இருமல். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்கியது. "டாக்டரைப் பாப்பமா" என்று கேட்டேன். அண்ணன் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "ஆத்தா சோதிக்கிறா. நம்ம உறுதி எம்புட்டுன்னு பாக்குறா. ஊசி போட்டா அவளைக் குத்துன மாதிரி."

என் மனைவி என்னிடம் குனிந்து, "பொறுத்துக்க தாயே" என்றாள்.

நான் கேட்டது நானாகக் கேட்டதாகவே ஆகவில்லை. அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது? அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. நானும் அப்படியேதான் நம்பினேன். என் மகளுக்குப் போட்டிருந்தால் நானும் அப்படியேதான் நின்றிருப்பேன். சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்துக்கொண்டு, தாயே, மூச்சை மட்டும் விட்டுவை என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் நெஞ்சுக்குள் ஈரச் சாக்கு மூட்டையை ஏற்றியதுபோல் கனத்தது. உள்ளே கொறகொறவென்று சத்தம் எனக்கே கேட்டது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று தெரிந்தது. அதைச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தைக்கு மேல் சொல்ல மூச்சு இல்லை. என் மனைவி கூழ்ச் சட்டியோடு வந்தபோது சொன்னேன்:

"எறங்கிருச்சு."

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எறங்கிருச்சா? ஆத்தா எறங்கிட்டாளா?"

அம்மை வாடித் தணிவதை எங்கள் பக்கம் இறங்குவது என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் ஆறு நாளும் காத்திருந்தாள். முத்துகளும் அன்று உண்மையிலேயே வாடத் தொடங்கியிருந்தன. அவள் அதைப் பார்த்தாள், என் சொல்லைக் கேட்டாள், இரண்டும் பொருந்திவிட்டது. இல்லை என்று தலையை ஆட்டப் பார்த்தேன். இருமல்தான் வந்தது. அதற்குள் அவள் வாசலுக்குப் போய், "மச்சான், தாயி அவ வாயாலயே சொல்லிட்டா, எறங்கிருச்சுன்னு" என்று அண்ணனிடம் சொல்வது கேட்டது. அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அப்போது நான் அழுதேன். அதையும் அவர்கள் ஆத்தாளின் ஆனந்தம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஏழாம் நாள். இறங்கிவிட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயிலில் வைத்த அண்டாத் தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, மணை போட்டு முற்றத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேர் தோள் கொடுத்துத்தான் நடந்தேன். முதல் செம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் மூச்சு நின்று, திரும்ப வந்தது. இரண்டாவது செம்பு. வேண்டாம் என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அது பாதியில் விழுந்தது.

அந்த நேரத்தில் வாசலில் எங்கள் கடையின் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுகிற பாய் கோரிப்பாளையத்துக்காரர், எனக்கு இளையவர், கடையில் இருந்து எனக்கு இளநீர் கொண்டுவந்திருந்தார். அம்மை வீட்டு முறை அவருக்கும் தெரியும். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, குரல் கொடுக்காமல் உள்ளே வந்து நின்றார். என்னைப் பார்த்தார்.

"அக்கா, தண்ணிய நிறுத்துங்க. அண்ணே ஒதட்டைப் பாருங்க, என்ன கலருன்னு."

நானும் என் நகத்தைப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீர் வழிந்த விரலில் நகம் மட்டும் சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் இருந்தது. இரும்பு கேட்டுக்கு அடிக்க நான் கலந்து கொடுக்கிற நிறம்.

என் மனைவி செம்பைப் போட்டுவிட்டு என் முகத்தைத் தூக்கிப் பிடித்தாள். ஏழு நாளில் முதல் தடவையாகத் தாயே என்று கூப்பிடவில்லை. "என்னங்க" என்றாள். "என்னங்க, என்ன செய்யுது?"

அண்ணன் குறுக்கே வந்தார். "மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது. கண்ணு போயிரும்."

"கண்ணைப் பத்திப் பெறகு பேசுவோம்ணே," என்றார் பாய். "இப்ப மூச்சு வேணும்."

என் மனைவி யாரையும் பார்க்கவில்லை. நிலையில் இருந்த வேப்பங்கொத்தில் ஒன்றை எடுத்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தாள். அம்மை வீட்டுக்கு வந்தவர்கள்கூடப் போயிட்டு வாரேன் என்று சொல்ல மாட்டார்கள், பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். அவள் சொன்னாள்: "ஆத்தா, நீ வீட்டுல இரு. நான் இவரைக் காட்டிட்டு வாரேன்."

ஈர வேட்டியோடு லோடு ஆட்டோவில், பெயிண்ட் வாளிகளுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்தார்கள். கடைசி நேரத்தில் அண்ணனும் ஏறிவிட்டார். வழியெல்லாம் என் காலைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கு வானம் மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, எங்கள் ஊர்ப் பேச்சுக்காரர்தான், என் மனைவியிடம் சொன்னார்: "அம்மை நுரையீரலுக்குள்ள எறங்கிருச்சும்மா. ரெண்டு பக்கமும். பெரியவங்களுக்கு வந்தா இப்படி ஆகலாம். முதல் ரெண்டு நாளைக்குள்ள வந்திருக்கணும்."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "எறங்கிருச்சுன்னு நேத்தே சொன்னீகளே," என்றாள். "இதைத்தான் சொன்னீகளா?"

எனக்குப் பேச முடியவில்லை. முடிந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டேன். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது.

பதினோரு நாள் அங்கே இருந்தேன். ஊசி மருந்து நரம்பில் ஏறியது, மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கண் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மீதித் தண்ணீரை ஊற்றினோம், கோயிலுக்குப் போய்க் கூழ் ஊற்றினோம். ஆத்தா எங்களை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் இரு என்று என் மனைவி சொன்னதும் இருந்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மாடிப்படி ஏறினால் இன்றும் எனக்கு இளைக்கும். என் மனைவி இன்றுவரை அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் வந்தால் "எந்திரிங்க" என்பாள்.

இந்தக் கதை இப்போது இரண்டு விதமாக நடமாடுகிறது. எங்கள் தெருவில், ஆத்தா கோபித்துக்கொண்டு பிறகு மன்னித்துவிட்டாள் என்கிறார்கள். அதில் ஆஸ்பத்திரி இல்லை. கடையில், வேப்பிலையைக் கட்டிக்கொண்டு சாகப் பார்த்தான் என்கிறார்கள். அதில் ஆறு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் இருந்தவள் இல்லை. போன வாரம் யாரோ இந்த இரண்டாவது கதையை அவளிடமே சொல்லியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து, "நீங்களே எழுதிருங்க," என்றாள். "நான் ஊத்துன தண்ணியையும் எழுதுங்க. விட்ராதீக."

எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். வளர்ந்த ஆளுக்கு அம்மை கண்டு மூச்சு வாங்கினால், கும்பிட்டுக்கொண்டே கூட்டிப் போகலாம் என்று சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வேப்பிலையும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும், அந்த இரண்டு செம்புத் தண்ணீரும் இருக்கட்டும். ஒரே ஒரு சொல் வேறு அர்த்தத்தில் போய்ச் சேர்ந்ததால் நான் பட்டது போதும்.