“யாருக்கும் இல்லைங்க, டாக்டர்”

அன்று காலை பதினொன்றே காலுக்கு நான் ஒரு பொய் சொன்னேன். என் கணவரைக் கொன்றிருக்க வேண்டிய பொய். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை... உங்களிடம்தான் சொல்கிறேன்.

இந்த 1991-இல் எங்கள் வீட்டில் நடந்த முதல் நல்ல காரியம், மகள் ஸ்டெல்லாவின் நிச்சயதார்த்தம். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வாசலில் பந்தல், ஸ்பீக்கர் செட், அண்டா நிறையப் பிரியாணி... எத்தனை சந்தோஷம்!

கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து நேராகப் பந்தலுக்கு வந்த என் கணவர் அந்தோணி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேலி செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூட டீச்சரான நானும் தப்பவில்லை.

“இன்னா டீச்சர், பொண்ணுக்குத்தான நிச்சயம்? உனுக்கு ஏன் இப்டி வேர்க்குது?”

வேர்த்தது அவருக்குத்தான்! சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா, தாங்கள் வந்த வேனிலேயே எங்களை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். கணவரை உள்ளே படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் தாழ்வாரத்துக்கு வந்தார்.

“ஈ.சி.ஜி.ல பெருசா ஒண்ணும் தெரியலம்மா. அவரோட அப்பா, அண்ணன் தம்பி யாருக்காச்சும் சின்ன வயசுலயே ஹார்ட் ட்ரபிள் உண்டா?”

உண்டு. என் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது ஐம்பதுகூட ஆகவில்லை. என் கணவரின் அண்ணன் சோற்றுத் தட்டின் முன்னாலேயே சாய்ந்தவர்.

ஆனால் என் தோளருகே சம்பந்தி நிற்கிறாரே! பெண் கேட்டு வந்த அன்று அவர் விசாரித்தபோது, இருவருமே மஞ்சள்காமாலையில் போனதாக நான்தான் சொல்லியிருந்தேன். நெஞ்சுநோய் வழிவழியாக வரும் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

“யாருக்கும் இல்லைங்க, டாக்டர். காலையில வடை நெறைய சாப்ட்டாரு.”

“வடையா! நான் வேற ஊரையே கூட்டிக்கினு வந்துட்டேன்” என்று சம்பந்தி சிரித்தார். டாக்டரும் சிரித்தார். வாயுவுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்.

தட்டு மாற்றினோம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்... என்ன மனுஷி நான்?

விருந்தாளிகள் போன பிறகு, சாயங்காலம், அவர் வாசற்படியில் சரிந்தார். இந்த முறை சென்னை. அங்கேயும் அதே கேள்வி. பக்கத்தில் சம்பந்தி இல்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

மாரடைப்பு என்றார்கள். பிழைத்தார்! கண் விழித்ததும், “சிகரெட்டுக்கும் எனக்கும் இனிமே பேச்சுவார்த்தை இல்ல, டீச்சர்” என்றார். சிரித்தேன், அழுதேன்.

செய்தி கேட்டு ஓடிவந்த சம்பந்தி என்ன சொன்னார் தெரியுமா? “ஒடம்புன்னா வரத்தான் செய்யும் தங்கச்சி. கல்யாணம் நடக்கும்.” இதற்காகவா பொய் சொன்னேன்! அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டபோதெல்லாம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

போன வாரம் கல்யாணம். ஆடக் கூடாதென்று டாக்டர்கள் சொல்லியிருந்ததால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேண்டு வாசிப்பவர்களை ‘இன்னும், இன்னும்’ என்று விரட்டிக்கொண்டிருந்தார் என் கணவர். ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துப் பூவெல்லாம் உதிர்ந்தது.

கடைசியாக ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். ஸ்ரீபெரும்புதூர் டாக்டர்! என் கணவர்தான் எனக்குத் தெரியாமல் பத்திரிகை வைத்திருக்கிறார்.

“வாங்க டாக்டர்! இன்னிக்கும் வடை கீது!”

மண்டபமே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

“அன்னிக்கு நான் ஒழுங்கா பாக்கலம்மா. அவர வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. இன்னும் எனக்குத் தூக்கம் வரல... மன்னிச்சிருங்க.”

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான்... ஆனால் சம்பந்தி இலை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“பரவால்ல தம்பி, மொதல்ல சாப்டுங்க” என்றேன். ஆம், நான் அவரை மன்னித்துவிட்டேன்!

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசும்மா.”